நாட்டாண்மையின் மிளகாய்ச் செடி

"மடத்திலேயே முதலில் பிஞ்சு பிடித்தது என் செடிதான் அம்மா. அதுவா சாகும்?"

கேட்டவர் பரமார்த்தலிங்கம். ஊரில் நெடுங்காலம் நாட்டாண்மை. யாருக்கும் குனிந்து பழக்கமில்லை.

குரு தெய்வானை அம்மையார், நாட்டாண்மையின் மகளைவிட இளையவர்.

மடத்தில் ஒரு வழக்கம். சேர வருகிறவருக்கு ஒரு தொட்டி, ஒரு மிளகாய் நாற்று. குருபூசையன்று அவரவர் செடியின் காய் குழம்பில் விழவேண்டும். விழுந்தால் திருநீறு பூசித் தீட்சை. இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

குருபூசை அடுத்த மாதம்.

நாட்டாண்மையின் செடியில் பிஞ்சு குலுங்கியது. இலையோ மஞ்சளடித்துச் சுருண்டிருந்தது. வாடும்போதெல்லாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்ற வாடியது.

"சாகிற செடி அவசரமாய்ப் பிஞ்சு விடும்," என்றார் அம்மையார்.

நாட்டாண்மை கையிலிருந்த குடத்தை வாங்கிப் பாதையில் கவிழ்த்தார். தொட்டியை நிழலுக்கு நகர்த்தினார். தம் இடுப்புக் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நாட்டாண்மை பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்தார். கத்தியை நீட்டினார்.

"ஆயிற்று அம்மா."

அம்மையார் செடியைப் பார்த்தார். கத்தியை வாங்கவில்லை.

நாட்டாண்மை காய்ந்த கிளைகளைக் கழித்தார். மறுபடி நீட்டினார்.

வாங்கவில்லை.

"இனி வெட்ட என்ன இருக்கிறது? பிஞ்சுதான் இருக்கிறது!"

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

பிஞ்சை விட்டால் செடி போகும். வெட்டினால் தீட்சை போகும். நாட்டாண்மை செடியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயும்போது பூவும் பிஞ்சும் தரையில் கிடந்தன. முதல் கவைக்கு மேல் எல்லாம் போய், மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. அவர் உள்ளே போய்த் தம் மூட்டையைக் கட்டி வைத்தார்.

குருபூசையன்று எல்லோரும் கை நிறைய மிளகாயோடு வரிசையில் நின்றார்கள். நாட்டாண்மை தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

சமையல்கார ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, குழம்புக்கு விறகா?"

வரிசை முழுவதும் சிரித்தது.

"கிட்டே வராதேயும். துளிர் விட்டிருக்கு, கை பட்டுவிடப் போகுது."

அம்மையார் கேட்டார். "காய் எங்கே?"

"வெட்டிவிட்டேன்."

"யார் வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. நான்தான் வெட்டினேன்."

ஊர் நடுவே தீர்ப்புச் சொன்ன நாளில்கூட அவர் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

கத்தியை நீட்டினார். இந்த முறை அம்மையார் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

திருநீற்றுத் தட்டை எடுத்தார். முதலில் அந்த மொட்டைத் தண்டில் பூசினார்.

"இப்போது நீர் குனியும், நாட்டாண்மை."

தொட்டியை இறக்காமலே குனிந்தார்.

துளிர் அவர் நெற்றியில் பட்டது.