புகை பார்த்து உண்ட ராஜா

முன்னொரு காலத்தில், கடலும் உப்பளமும் சூழ்ந்த நெய்தலூர் நாட்டைக் கடலாண்டான் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புலவருக்கு யானை கொடுப்பான். மாலையில் அதே புலவர் கொட்டாவி விட்டாரென்று யானையைத் திருப்பி வாங்கிக்கொள்வான். ஆனாலும் நல்ல மனசு. பட்டத்துக்கு வந்த அன்றே ஒரு சபதம் செய்திருந்தான்: கோட்டைக்குக் கீழே உப்பளக்காரர்கள் குடியிருக்கும் அளத்தெருவில் எல்லாக் கூரையிலும் புகை எழுந்த பிறகுதான் தன் வாயில் ஒரு கவளம் போகும். புகை தெரிந்தால் குடிகள் சமைக்கிறார்கள், சமைத்தால் சாப்பிடுகிறார்கள். இது ராஜாவின் கணக்கு.

கோபுரத்தில் ஏறிப் புகை பார்த்துச் சொல்வது பொன்னம்பல ராயரின் உத்தியோகம். "கிளம்பிற்று, பிரபு!" என்று அவர் குரல் கொடுத்தால்தான் அரண்மனையில் இலை விழும். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்குப் பல்லக்கும் பட்டுச் சால்வையும் உண்டு.

மந்திரி அறவாழி அளத்தெருவில் பிறந்தவர். அவர் தங்கை செல்லத்தாயி இன்னமும் அங்கேதான் இருந்தாள். அரண்மனைப் பக்கம் கூப்பிட்டால், "உப்புக் காத்து இல்லாம எனக்குத் தூக்கம் வராதுண்ணே" என்பாள். ஒரு நாள் காலையில் அறவாழி அவளைப் பார்க்கப் போனார். குனிந்து உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. ஒற்றை வாசல் குடிசை. மூன்று கல் அடுப்பு. தங்கையின் கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. இடுப்பிலிருந்த கைக்குழந்தை இருமி இருமித் துவண்டு கிடந்தது. அப்படியும் அவள் ஒரு பச்சைத் தென்னோலையை எடுத்து அடுப்பில் செருகினாள்.

"காய்ந்த மட்டை அங்கே குவிந்து கிடக்க, இது எதற்குத் தாயி?"

அவள் வாய் திறப்பதற்குள் குழந்தைக்கு மூச்சு முட்டியது. அறவாழி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். கடற்காற்றுப் பட்ட பிறகுதான் அதற்கு அழுகையே வந்தது.

ராஜா வேட்டைக்குப் போயிருந்த மாதம் அது. மந்திரி குயவர்களை அழைத்தார். வாய் சிறுத்த மண் அடுப்பு. அதிலிருந்து கூரையைத் தாண்டிப் போகும் சுட்ட மண் குழாய். காய்ந்த விறகு மட்டும்; அதன் மெல்லிய புகை கூரைக்கு மேலே கண்ணுக்கே தெரியாது. தெரு முழுக்க அந்த அடுப்பே வந்தது. குழந்தை இருமாமல் தூங்கத் தொடங்கியது.

"புகையே காணோமேண்ணே, பரவாயில்லையா?" என்று செல்லத்தாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அடி பைத்தியமே, அதற்குத்தானே இத்தனை பாடு!" என்று சிரித்துவிட்டுப் போனார் மந்திரி.

வேட்டையிலிருந்து திரும்பிய ராஜா மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தான். ராயரின் குரல் வரவில்லை. வெயில் ஏறியது. ராஜாவின் வயிறும் கோபமும் சேர்ந்து உறுமின.

"என்ன ஓய் ராயரே!"

ராயர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "என்னத்தைச் சொல்ல, பிரபு! அளத்தெருவில் அடுப்புக்கு அடுப்பு பூனை தூங்குகிறது. எல்லாம் மந்திரியார் வைத்த புது அடுப்பின் மகிமை!"

"அறவாழி! என் குடிகளைப் பட்டினி போட்டீரா?"

"வயிறார உண்கிறார்கள், அரசே. புகைதான் குறைந்திருக்கிறது."

"புகையில்லாத சமையலாம்! நாளைக்கு மழையில்லாத வெள்ளம் காட்டுவார்" என்றார் ராயர். "புகை என்பது லட்சுமி, பிரபு. அவளையல்லவா துரத்திவிட்டார்!"

"அத்தனை அடுப்பையும் இடித்துத் தள்ளுங்கள்!" என்று கத்தினான் ராஜா. "நீரும் எல்லையைத் தாண்டிவிடும், மந்திரி!"

அறவாழியின் கண்முன் துவண்ட குழந்தை வந்து நின்றது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"உத்தரவு, அரசே. ஒரே ஒரு குறை. லட்சுமி இத்தனை காலம் அளத்தெருவிலேயே தங்கிவிட்டாள். நம் மடைப்பள்ளியிலோ பெரிய புகைபோக்கி. வந்தவளை நாமே வெளியே அனுப்புகிறோம். இடிப்பதற்கு முன் முற்றத்தில் ஒரு குடிசை போட்டு, பழைய அடுப்பில் தங்களுக்குச் சமைக்கச் சொல்கிறேன். தாங்களும் ராயரும் உள்ளே அமர்ந்து லட்சுமியைத் தரிசிக்கலாம். சோறு வடிக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. அளத்தெருப் பெண்கள் எழுந்து போவதில்லை."

புது விளையாட்டென்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. "ஆகட்டும்!" என்றான்.

மறுநாள் குடிசைக்குள் செல்லத்தாயி உலை வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் முன்பே ராயரின் கண்களில் தாரை தாரையாக நீர்.

"அழுகிறீரா, ராயரே?"

"ஆ... ஆனந்தம், பிரபு."

"ராயருக்கு லட்சுமி கடாட்சம் அதிகம்" என்றார் வாசலருகே குந்தியிருந்த அறவாழி. "ஊதுகுழலையும் அவரிடமே கொடு, தாயி."

ராயர் ஒருமுறை ஊதினார். சாம்பல் பறந்து மீசையில் படிந்தது. மறுபடி ஊத மூச்சில்லை. ராஜாவும் இருமத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்துச் செல்லத்தாயி ஒரு பச்சை ஓலையை எடுத்து அடுப்பில் செருகினாள்.

"ஐயையோ! ஏனம்மா அதைப் போடுகிறாய்?" என்று அலறினான் ராஜா.

அவள் பதறிப்போனாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க மகராசா. புகை கூரைக்கு மேல நல்லாத் தெரியணுமில்ல? தெரிஞ்சாத்தானே நீங்க சாப்பிடுவீங்க? காஞ்ச மட்டையை எரிச்சா நீங்க பசியோட நிப்பீங்கன்னு, எங்க தெருவுல எல்லாருமே பச்சையாத்தான் போடுவோம். புது அடுப்பு வந்ததுலேருந்து உங்களை நெனச்சுத்தான் எனக்குக் கவலை."

அறவாழிக்கே இது புதிது. தங்கை தயங்கிக் கேட்ட கேள்வியைச் சிரித்துத் தள்ளியது நினைவுக்கு வர, அவர் தலை குனிந்தார்.

"நான் உங்களுக்காகப் பட்டினி கிடந்தேன்" என்றான் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் எனக்காகப் புகை குடித்தீர்கள். நடுவில் கொழுத்தவர் ராயர் ஒருவர்தான்."

சோறு வடியும் வரை அவன் எழவில்லை. அங்கேயே அமர்ந்து உண்டான். பிறகு உத்தரவுகள் பிறந்தன: நாடெங்கும் புது அடுப்பு, செலவு அரண்மனையுடையது. ராயரின் பட்டுச் சால்வை மந்திரிக்கு. ராயரின் பல்லக்கு, மழைக்காலத்தில் அளத்தெருவுக்குக் காய்ந்த விறகு கொண்டுபோக.

"சரி, மந்திரி. புகை இல்லாவிட்டால் குடிகள் சாப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டால் சொல்வார்கள், அரசே."

கேட்கிற உத்தியோகம் ராயருக்கே வந்தது. தினமும் வாசல் வாசலாகப் போய், "சாப்பிட்டாச்சா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். ஒரு நாள் செல்லத்தாயி, இடுப்பில் கொழுகொழுவென்று சிரிக்கும் குழந்தையோடு, "ஆச்சுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அரண்மனையில் யாரும் ராயரை அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் இல்லை, தாயே" என்று மெல்லச் சொல்லி வாசலில் உட்கார்ந்தார். அவள் ஒரு கலயம் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள்.

ராஜா போய்விட்டான், கோபுரமும் இடிந்துவிட்டது, உப்பளமும் தூர்ந்துபோயிற்று என்கிறார்கள். ஆனாலும் நெய்தலூர்க்காரர்கள் வழியில் எதிர்ப்பட்டால் இன்றைக்கும் முதல் பேச்சு அந்தக் கேள்விதான். பதிலைக் கேட்கவும் கொஞ்சம் நிற்கிறார்களாம்.