ஊத மட்டும் தெரிந்தவள்

“பெட்டி கெட்டுப்போச்சு ஃபிலோமி. பாதிப் பாட்டுதான் வருது.”

செல்வமேரி மவுத் ஆர்கனை நீட்டினாள்.

ஃபிலோமி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்து, பெட்டியை வாங்கி வாசித்தாள்.

முழுப் பாட்டும் வந்தது.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தாள்.

குரு என்றால் தாடி இருக்கணும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் குரு துறைமுகத்துச் சந்தையில் மீன் விற்கிறவள். சிஷ்யையைவிட மூன்று வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மவுத் ஆர்கன் வாசிப்பாள்.

அந்தத் தெருவில் அதை வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் செல்வமேரியின் புருஷன் கஸ்பார். கப்பலில் சமையல்காரன். பதினோரு நாள் முன்னால் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். நடுக்கடலில் ஃபோன் எடுக்காது.

பிரச்சினை கஸ்பார் இல்லை. குழந்தை.

ஜெனிக்கு இரண்டு வயது. அப்பா வாசிப்பான், அம்மா ஊட்டுவாள், அவள் தின்பாள். சோறு ஊட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான் பழக்கினார்கள். பழக்கினது தப்புதான். இப்போது சொல்லி என்ன செய்ய?

பதினோரு நாளாக ஜெனி சோற்றைத் தொடவில்லை. பாலைக் குடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கை குச்சி மாதிரி ஆகிவிட்டது. “நோய் ஒண்ணும் இல்லம்மா, ஏங்கிப்போயிருக்கு” என்றார் டாக்டர். ஏக்கத்துக்கு அவர் மாத்திரை எழுதவில்லை.

“நானே வந்து வாசிக்கவா?” என்றாள் ஃபிலோமி.

“போன வாரம் வாசிச்சியே. என் தோள்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டாளே.”

“கஸ்பார் அண்ணன் வாசிச்சதை ஃபோன்ல போட்டுக் காட்டு.”

“தட்டிவிடுறா. கன்னம் உப்புற ஆளு வேணும் அவளுக்கு. அதுவும் வீட்டு ஆளு.”

“அப்ப நீ ஊது. பார்ப்போம்.”

செல்வமேரி ஊதினாள். ஸ வந்தது. ரி வரவில்லை. க வந்தது. ம வரவில்லை. பல்லு போன சீப்பு மாதிரி ஒரு பாட்டு.

“ஊதுறது பாதிதான்க்கா. மீதிப் பாதி மூச்சை உள்ள இழுத்தாத்தான் வரும்.”

“இழுக்கேனே!”

“எங்க இழுக்க?”

செல்வமேரி முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். மூச்சை இழுத்தாள். திரும்ப வந்து ஊதினாள்.

“இந்தா, இழுத்தேன்ல?”

“சந்தைக் காத்தை இழுத்த. பெட்டிக்குள்ள இருந்து இழுக்கணும்.”

செல்வமேரி பெட்டியை உதட்டில் வைத்தாள். கண்ணை மூடினாள். நெஞ்சு அடைத்தது, முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை.

“வரலை.”

“வரும்.”

“எப்ப?”

“தெரியாது.”

“இது தெரியாம நீ என்ன டீச்சர்?”

“நானா டீச்சர்னு சொன்னேன்? சாளை மீன் வாங்க வந்த. பெட்டியை நீட்டின.”

மறுநாள் காலையில் ஃபிலோமி செல்வமேரியின் இட்லிக் கடைக்கு வந்தாள். விறகு அடுப்புக் கடை. ஆறு இட்லி தின்றாள். தின்கிற நேரமெல்லாம் அடுப்பையே பார்த்தாள்.

ஈர விறகு. ஒரே புகை. செல்வமேரி ஊதாங்குழலை எடுத்தாள். முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். மூச்சை இழுத்தாள். திரும்ப வந்து ஊதினாள். மறுபடி வலப்பக்கம். மறுபடி ஊதல்.

“மேரிக்கா.”

“சட்னியா?”

“அந்தக் குழல்ல வாயை வச்சு மூச்சை உள்ள இழுத்தா என்ன?”

“உனக்கென்ன பைத்தியமா? ஏழு வயசுல ஒரு தடவை இழுத்தேன். வாய் நிறையச் சாம்பல். நாக்குல ஒரு நெருப்புப் பொறி. மூணு நாள் எங்கம்மா கஞ்சியை ஆத்தி ஆத்திக் குடுத்தா. அதுக்கப்புறம் செத்தாலும் இழுக்க மாட்டேன்.”

ஃபிலோமி விரலை நக்கினாள்.

“மத்தியானம் சந்தைக்கு வா. பிள்ளையைத் தூக்கிட்டு வா. சோறு கொண்டுவா. பெட்டியும்.”

“என்ன சொல்லித் தரப்போற?”

“ஒண்ணும் இல்ல.”

மத்தியானம் சந்தை காலி. இரண்டு பூனைகள் மட்டும் மிச்சம். ஜெனியைக் கவிழ்த்த மீன் கூடைமேல் உட்கார வைத்தார்கள். சோற்றுக் கிண்ணம் ஃபிலோமி கையில்.

செல்வமேரி ஊதினாள். ஸ வந்தது. ஜெனி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தது வரவில்லை. ஜெனி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடி ஊதினாள். ஜெனி நிமிர்ந்தாள். திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் தடவை அவள் நிமிரக்கூட இல்லை.

“போதும்ட்டி.” செல்வமேரி பெட்டியை இறக்கினாள். “பிள்ளை எலும்பாப் போகுது. நான் பீப்பீ ஊதிக்கிட்டு நிக்கேன். அவரு வந்து பார்த்தா என்னைத்தான் கேப்பாரு.”

“இன்னும் ஒரு தடவை.”

“எனக்கு வராது.”

“வர வேண்டாம். பெட்டியை வாயில இருந்து எடுக்காம நில்லு. அது போதும்.”

செல்வமேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியை வாயில் வைத்தாள். ஊதினாள். ஸ வந்தது.

ஃபிலோமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பின்னால் போனாள். மீன் பெட்டியைத் திறந்து, ஐஸ் உருகின தண்ணீரில் ஒரு செம்பு மொண்டாள். செல்வமேரியின் பிடரியில் அப்படியே கவிழ்த்தாள்.

ஹக்.

கால் கட்டைவிரலிலிருந்து இழுத்த மாதிரி மூச்சு உள்ளே போனது. உதட்டில் பெட்டி இருந்தது.

சத்தம் வந்தது. ரி ஒன்று மட்டும் அல்ல, பக்கத்தில் இருந்த எல்லாம் சேர்ந்து வந்தது. கேட்க நன்றாக இல்லை. ஆனால் கஸ்பார் பெட்டியின் அந்த மீதிப் பாதி சத்தம்தான்.

“அடிப் பாவி! மேலெல்லாம் மீன் நாத்தம்! உன்னை...”

ஃபிலோமி அவளைப் பார்க்கவே இல்லை. கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனி வாயைத் திறந்திருந்தாள்.

ஃபிலோமி ஒரு உருண்டை சோற்றை உள்ளே வைத்தாள். ஜெனி மென்றாள். அவசரமே இல்லாமல் மென்றாள். விழுங்கினாள். அம்மாவைப் பார்த்துத் திரும்பவும் வாயைத் திறந்தாள்.

“எப்படி வந்துச்சுன்னு தெரியுதாக்கா?”

செல்வமேரியின் சடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல் தந்தியடித்தது. அவள் பெட்டியை மறுபடி உதட்டில் வைத்தாள். வைத்தபடியே பேசினாள்.

“தெரியல. பிள்ளை வாயைத் திறந்து வச்சிருக்கு. இன்னொரு செம்பு ஊத்துட்டி.”