வாசிப்பவளின் இலை

"அம்மை, இன்னும் பதினேழு பக்கம் பாக்கி இருக்கு. இன்னைக்கு மதியப் பந்தியிலேயே எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சிரட்டுமா?"

ஆவுடைநாயகி கேட்டாள். கேட்டதில் பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது.

அம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அவசரம் யக்கா?"

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேரணும். மறுநாள் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்திருவாங்களாம். அப்புறம் நான் எங்க வாசிக்க?"

"ம்."

பூசணித் துண்டுகள் தண்ணீரில் விழுந்தன. ஒன்று. இன்னொன்று.

ஆவுடைநாயகிக்கு அறுபத்தெட்டு வயது. இருபத்தெட்டு வருடம் வானொலியில் செய்தி வாசித்தவள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள்.

அம்மைக்கு ஐம்பத்தொன்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பொதிகை அடிவாரத்துக்கு வந்து இந்த மடத்தை எழுப்புவதற்கு முன்னால் பீடி சுற்றினார். பெரியவளை அக்கா என்பதும், குருவை அம்மை என்பதும் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது.

"கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

"மூணு தடவை அந்தப் புத்தகத்தை முடிச்சியளே. முடிஞ்சுதா?"



மடத்தில் இருந்தது அந்த ஒரே புத்தகம்தான். இந்தக் கணத்தில் வாழ்வதைப் பற்றியது. பந்தி நடக்கும்போது ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து அதை உரக்க வாசிப்பார். சாப்பிடுகிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. கடைசிப் பக்கம் முடிந்தால் மறுநாள் மறுபடியும் முதல் பக்கம். வாசித்தவர் எல்லோரும் எழுந்த பிறகு தனியே சாப்பிடுவார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவள் மடத்தின் படியேறி வந்தபோது, அந்தக் குரலை அடையாளம் கண்டு அன்றைக்கே முக்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். இன்றுவரை எழவில்லை.

"முடியல அம்மை. அதுதான் என் குறை. ஒரு வரி வாயில இருக்கும்போதே கண்ணு அடுத்த வரிக்குப் போயிரும். செய்தி வாசிச்ச பழக்கம். அப்படிப் போகலேன்னா நாக்கு தடுக்கும். மூணு தடவை வாசிச்சேன். ஒரு வரியிலகூட நான் இருந்ததில்ல."

"பின்னே இன்னைக்கு மட்டும் பதினேழு பக்கத்தை ஓட்டமா ஓடி..."

"முடிச்ச நிறைவாவது இருக்கும்ல?"

அம்மை கையைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கேக்க வந்தது இது இல்ல யக்கா."

வெளியே அருவித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் யாரோ தவலையை அலம்பினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"குரல் போயிட்டா இந்த மடத்துல எனக்கு என்ன இடம்?" என்றாள். "பாத்திரம் தேய்க்க முதுகு வளையாது. சமையலும் சுமார்தான். எனக்கு இருந்தது இது ஒண்ணுதான்."

தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

பூசணி வெந்து கூட்டாகி இறங்கியபோது முதல் மணி அடித்தது.

"வாங்க, சோறு ஆறிரும்" என்று சொல்லிவிட்டு அம்மை நடந்தார்.

கூடத்தில் நாற்பது பேர் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடைநாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முக்காலிக்குப் போனாள்.

முக்காலியில் அம்மை உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம்.

"அது என் இடம் அம்மை."

"அந்தா, அங்க ஒரு இலை கிடக்கு பாருங்க."

"அது உங்க இலை."

"ஆமா. கழுவித்தான் போட்டிருக்கு."

வரிசையில் யாரோ கிளுக்கென்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"இன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாள். இன்னைக்குமா பிடுங்கிக்கிடணும்?"

"ரெண்டாம் மணி அடிக்கப் போகுது யக்கா. உக்காருங்க."

இலைக்குப் பக்கத்தில் இருந்தவர் லாரி ஓட்டிய சங்கரபாண்டி. முட்டியை ஒடுக்கி இடம் விட்டார்.

"வாங்கம்மா. நியூஸ்காரங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்னு ஊர்ல போய்ச் சொல்லிக்கிடுதேன்."

இரண்டாம் மணி அடித்தது. இனி யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. கோபத்தோடு சம்மணம் போட்டாள்.

அம்மை வாசிக்கத் தொடங்கினார்.

"வ...ந்த மூ...ச்சுக்கு..."

விரலை எழுத்தின் கீழே வைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். பரண் மேல் மூட்டை ஏற்றுகிறவர் மாதிரி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு.

"வா...ச...ல்..."

ஆவுடைநாயகியின் உதடு துடித்தது. 'வாசல் திற' என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். அடுத்த வரி என்னவென்றும் அவளுக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். ஆனால் புத்தகம் அவள் கையில் இல்லை.

காத்திருந்தாள்.

காத்திருந்தபோது முகத்தில் ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது. குனிந்து பார்த்தாள். சோற்றின் ஆவி.

பதினோரு மாதமாக ஆறிய சோறுதான் சாப்பிட்டிருக்கிறாள். அது ஆறியது என்பதைக்கூடக் கவனித்ததில்லை.

ஒரு கவளம் எடுத்தாள். விரல் சுட்டது. ஊதினாள். வாயில் போட்டாள். பூசணிக்காய் கரைந்து, தேங்காயும் சீரகமும் பின்னால் வந்தன.

"தி...ற..." என்றார் அம்மை.

அந்தச் சொல் கூடத்தில் அப்படியே நின்றது. மூன்று தடவை தன் வாயாலேயே சொன்ன சொல். முன்பின் கேட்டறியாததுபோல் அவள் தலையைத் தூக்கினாள்.

முக்காலியிலிருந்து பார்த்தால் புத்தகம் மட்டுமே தெரியும். தரையிலிருந்து கூடம் தெரிந்தது.

எதிர் வரிசையில் ஒருவர் மூன்று விரலைக் காட்டினார். ரசம் வந்தது. ஓர் அம்மாள் உள்ளங்கையால் இலையை மூடினாள். பரிமாறுகிறவள் தாண்டிப் போனாள். சங்கரபாண்டி, தூரத்தில் இருந்த ஒருவரின் தொப்பையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர் பதிலுக்குக் கையை ஓங்கிக் காட்டினார். ஒரு கிழவர் தன் அப்பளத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாளின் இலையில் வைத்தார். அந்த அம்மாள் அதைத் திருப்பி வைத்தாள். அவர் மறுபடி வைத்தார். அவள் முறைத்தாள். பிறகு பாதியாக உடைத்து எடுத்துக்கொண்டாள்.

ஒருவர் வாயிலும் சொல் இல்லை. இவ்வளவு பேச்சா இத்தனை நாளும் தன் காலடியில் நடந்துகொண்டிருந்தது?

பரிமாறும் வேலம்மாள் சோற்றுத் தட்டோடு அவள் முன்னால் குனிந்தாள்.

இன்னும் கொஞ்சம் வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சிறிது விலக்கிக் காட்டினாள்.

வேலம்மாள் தலையாட்டினாள். சோற்றுத் தட்டின் ஓரத்தில் இருந்த உப்பு மரவை என்ற மரக்கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள்.

ஆவுடைநாயகி இல்லை என்று தலையசைத்தாள். சோற்றைக் காட்டினாள். மறுபடி அதே இரண்டு விரல், இன்னும் அழுத்தமாக.

வேலம்மாள் ஒரு கணம் தயங்கினாள். பாவம், நோயாளி, நாக்குக்கு உறைக்கவில்லை போலும் என்று நினைத்தாளோ என்னவோ. இந்தத் தடவை உப்பைச் சோற்றின் மேலேயே தூவினாள்.

ஆவுடைநாயகி பதறி இரண்டு கையாலும் அதையே காட்டினாள்.

வேலம்மாள் அவளைப் பார்த்தாள். மரவையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு, மரவையை முழுதாக அவள் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சங்கரபாண்டியின் தோள் குலுங்கியது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். எதிர் வரிசையில் அப்பளக் கிழவர் சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. குலுக்கல் இலைக்கு இலை தாவி வரிசையின் கடைசிவரை போயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

சங்கரபாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே தன் கையை அவள் முன்னால் நீட்டினார். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, உப்பைச் சுட்டினார். பிறகு சுண்டுவிரலை மட்டும் தூக்கி, சோற்றைச் சுட்டினார். விளங்கிற்றா என்பதுபோல் பார்த்தார்.

அவள் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள்.

அவர், சபாஷ் என்று தலையை ஆட்டினார். தன் இலையில் கை படாமல் இருந்த சோற்றில் ஒரு பிடி அள்ளி அவளுக்கு வைத்தார்.

அப்போது அவளுக்கு உள்ளேயிருந்து ஏதோ பொங்கி வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். வயிறு குலுங்கியது, தோள் குலுங்கியது, மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. தொண்டைக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்கே ஒன்றும் அசையவில்லை. சின்ன ஒலிகூட இல்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வாயை அகலத் திறந்து, சுற்றிலும் இருந்த நாற்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

முக்காலியில் வாசிப்பு நின்றது.

அம்மை எழுத்தின் மேல் விரலை ஊன்றியபடியே இருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யாரு அது, இவ்வளவு சத்தமாச் சிரிக்கது?"



ஆவுடைநாயகி, சோறு ஒட்டிய கையைத் தூக்கினாள்.