சட்டைப்பைக்குள் இருந்த அசல்

ஆடித் தள்ளுபடி தொடங்கிய அன்று ஜவுளிக்கடை முதலாளி கனகசபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சேலையின் போட்ட விலையும் அசலும் எழுதிய சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வேலையாட்களை வரிசையாக நிறுத்தினார்.

"போட்ட விலையில இருபது சதவீதம் தள்ளுபடி. அப்படியும் எனக்கு அசல் மேல இருபது சதவீதம் லாபம். அசல் என்ன? சொல்றவங்களுக்குச் சேலை அசல் விலைக்கே. ஒருத்தரும் சொல்லலைன்னா இந்த வருஷம் யாருக்கும் போனஸ் கிடையாது!"

கணக்குப்பிள்ளை இருபதில் இருபதைக் கழித்தார். பூஜ்யம் வந்ததும் பயந்துபோய் மறுபடியும் கூட்டினார். மேனேஜர் விரல்விட்டு எண்ணி, பத்தோடு விரல் தீர்ந்துபோனதால் விழித்தார்.

சேலை மடிக்கும் அங்கம்மாள் மட்டும் வாயைத் திறந்தாள். "இதை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது முதலாளி. வெறும் சதவீதம் நூறு ரூபாய்ச் சேலைக்கும் பொருந்தும், லட்ச ரூபாய்ச் சேலைக்கும் பொருந்தும். அது கிடக்கட்டும், நீங்க நிஜமா விலையைக் குறைக்கிறதே இல்லைன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே?"

"எவன் சொன்னான்? இந்த ஒரு சேலையிலயே முந்நூறு ரூபாய் விட்டுக்கொடுத்திருக்கேன்!"

"அஞ்சுல ஒரு பங்கு முந்நூறுன்னா போட்ட விலை ஆயிரத்து ஐந்நூறு. விக்கிறது ஆயிரத்து இருநூறு. நூறு போட்டு நூற்றிருபது எடுக்கிறவர், ஆயிரம் போட்டுத்தான் ஆயிரத்து இருநூறு எடுப்பீங்க. ஆயிரத்துக்கு பில் போடுங்க முதலாளி."

முதலாளி சட்டைப்பையைத் தடவினார். சீட்டு பத்திரமாக உள்ளேதான் இருந்தது. அதில் எழுதிய அசல் மட்டும் எப்படி வெளியே வந்தது என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று யார் கேட்டாலும், வாயை இறுக மூடிக்கொண்டு, '20% தள்ளுபடி' என்று வாசலில் தொங்கும் போர்டைத்தான் காட்டுகிறார்.