உள்ளே மருந்து, வாசலில் பலகை

எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மலைகள் நிறைந்த நாடு, மருத்துவர்கள் குறைந்த நாடு. அதனால் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. அனுபவமுள்ள செவிலியர்களை மேற்படிப்புக்கு அனுப்பி, மலையூர்களில் நோய் பார்க்க அமர்த்தியது. அவர்கள் எந்தெந்த மருந்தைத் தாங்களே கொடுக்கலாம் என்ற உத்தரவுதான் வந்தபாடில்லை. அதுவரை பெரிய ஊசி எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

அப்படி அமர்ந்தவர் செசிலி. காய்ச்சலோ பிரசவமோ, அவர் பார்த்தால் போதும் என்று ஜனங்கள் நம்பினார்கள். டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். சுகாதார நிலையத்து வாசலில் துறை ஒரு பலகை மாட்டியிருந்தது: "பாம்புக்கடிக்கு இங்கு மருந்து உண்டு." பொய்யில்லை. குளிர்பெட்டியில் மருந்து இருந்தது.

ஒரு மழைநாள் காலையில், ஏலத்தோட்டத்தில் தெய்வானையை விரியன் கடித்தது. கணவன் வேலப்பன் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முச்சந்திக்கு வந்தான். இறங்கினால் டவுன் ஆஸ்பத்திரி, ஏறினால் செசிலி. தூரம் இரண்டும் ஒன்றுதான். வேலப்பனுக்குப் பலகை நினைவுக்கு வந்தது.

"மேலே விடுங்க. டாக்டரம்மா இருக்காங்க," என்றான் ஓட்டுநரிடம்.

செசிலி பார்த்தவுடனே புரிந்துகொண்டார். கால் வீங்கியிருந்தது. ஈறுகளில் இரத்தம் கசிந்தது. மருத்துவர் இளம்பரிதியைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் அடுத்த மலையில், ஒரு சிக்கலான பிரசவத்தில் இருந்தார்.

"சார், விஷம் ஏறுது. ஊசியைப் போட்டுரட்டுமா?"

"வேண்டாம் சிஸ்டர். ஒத்துக்காமப் போனா அந்த ஊசியே உயிரை எடுத்துரும். நான் பார்க்காம எப்படிச் சொல்றது? டவுனுக்கு அனுப்புங்க."

"டவுன் வரைக்கும் தாங்க மாட்டாங்க சார்."

"தெரியுது சிஸ்டர். நான் என்ன பண்ணட்டும்?"

வேலப்பன் செசிலியின் காலைப் பிடித்தான். "நீங்களே போடுங்கம்மா. எது ஆனாலும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"என்னைக் கீழே அனுப்பாதீங்க டாக்டரம்மா," என்றாள் தெய்வானை.

செசிலி குளிர்பெட்டியைத் திறந்து மருந்தைக் கையில் எடுத்தார். வேறொரு மலையில் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போட்ட செவிலியரை வேலையிலிருந்து நீக்கியதும், அன்றிலிருந்து அந்த நிலையம் பூட்டிக் கிடப்பதும் அவருக்குத் தெரியும். மருந்தைத் திரும்ப வைத்தார்.

வந்த வழியே ஜீப் இறங்கியது. செசிலியும் கூடவே போனார். முச்சந்தியைத் தாண்டும்போது தெய்வானையின் நாடி அடங்கியது.

கேட்டீர்களே, இப்போது சொல்லுங்கள். பலகையை நம்பி மேலே ஏறிய வேலப்பனா, பார்க்காமல் அனுமதி தர மறுத்த இளம்பரிதியா, மருந்தைக் கையில் எடுத்தும் போடாத செசிலியா, இவர்களில் யார் செய்தது தவறு?

விடை: நானும் மூவரையும் மாற்றி மாற்றித் திட்டிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. மருந்து உண்டு என்று பலகை மாட்டியவர்கள், மருத்துவரைக் கேட்காமல் அதைப் போட அங்கே யாருக்கும் அனுமதியில்லை என்பதை எழுதவில்லை. தவறு அவர்களுடையது. அவர்கள் இந்தக் கதைக்குள் வரவே இல்லை. மறுநாள் செசிலி அந்தப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். உத்தரவே அனுப்பாத துறையிலிருந்து, அதற்கு மட்டும் உடனே கேள்வி வந்தது: யாரைக் கேட்டுக் கழற்றினீர்கள்?