கார்னருக்கு அடிக்கும் மேளம்

ஃபைனலில் ஐந்துக்கு ஒன்று என்று தோற்ற பிறகு, வியாசர்பாடி கேனால் பிரதர்ஸ் ஃபுட்பால் கிளப்பில் எல்லாமே மாறிப்போனது. கமிட்டி மாறியது. செயலாளர் மாறினார். சாயங்காலப் பயிற்சி விடியற்காலை ஐந்தரைக்குப் போனது. இருபது வருஷத்து மஞ்சள் ஜெர்சிகூட நீலமானது. பாவம், ஜெர்சி என்ன செய்ததோ.

புதிய கோச்சாக வந்தவர் நசீர் மாஸ்டர். வயது முப்பத்திநாலு. வந்த வாரமே அவருக்கு ஒரு சீடர் வாய்த்தார். சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு.

சீடரின் பெயர் தணிகாசலம். ரசிகர்களின் மேளக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். இருபது வருஷம் மேளம் அடித்தும் ஆஃப்சைடு என்றால் என்னவென்று தனக்குச் சரியாகத் தெரியாது என்பதை, அந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் வந்து பந்துகளைப் பொறுக்கிப் போடுவார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். மாஸ்டர் பதில் சொல்வார், இல்லையென்றால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொல்வார்.

அன்றைக்குக் கேள்வியோடு ஒரு காகிதமும் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டோம் மாஸ்டர். கீப்பரை மட்டும் இன்னாத்துக்கு வெச்சினு இருக்கீங்க?"

காகிதத்தில் நூற்றுப் பதினாலு ரசிகர்களின் கையெழுத்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. மாஸ்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கோல் கீப்பர் ஜெபராஜ் கிளப்பை விட்டுப் போகவேண்டியதுதான். பத்து வருஷமாக அவன் வேறு எந்த கிளப்புக்கும் ஆடியதில்லை.

தணிகாசலத்துக்கு அவன் மேல் ஒரு காலத்தில் உயிர். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஜெபராஜ் ஓடிவந்து தணிகாசலத்தின் மேளத்தைக் கையுறையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கோலுக்குப் போவான். ஆட்டம் முடிந்ததும் வந்து இன்னொரு தட்டு. ஐந்து கோல் வாங்கிய அன்றும் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். தணிகாசலம் மேளத்தை இழுத்து முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை மேளக் கூட்டத்தைக் கூட்டிவரச் சொன்னார். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பார்க்கலாம் என்றார்.

மேளக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர் அணிக்குக் கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து கோல் பக்கம் உதைக்கும் வாய்ப்பு, கிடைத்தால் போதும், எங்கே நின்றாலும் மேளங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, நம் கோலுக்குப் பின்னால் நின்று வெளுத்து வாங்குவார்கள். அடிக்கிற அடியில் பந்தை உதைப்பவனுக்குக் கால் நடுங்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அந்தக் கார்னர் மேளத்துக்கு அப்படி ஒரு பேர். தணிகாசலம் கண்டுபிடித்ததுதான் அது. ஃபைனலில் வாங்கிய ஐந்து கோலில் நாலு, கார்னரில் வாங்கியவை.

சனிக்கிழமை மாஸ்டர் தணிகாசலத்தையே கோலில் நிற்கவைத்தார். முன்னால் டிஃபென்ஸ் ஆட்டக்காரன் சதாசிவம், கார்னர் பக்கம் பார்த்தபடி நின்றான். பந்தைத் தடுக்க வேண்டாம், சதாசிவத்துக்குப் பின்னால் யாராவது நுழைந்தால் சத்தம் போட்டுச் சொன்னால் போதும் என்றார் மாஸ்டர். தணிகாசலம் சிரித்தார். இது ஒரு வேலையா என்று நினைத்தார்.

ஆறு மேளமும் அவர் முதுகுக்குப் பின்னால் அதிர்ந்தன.

பந்து உயரமாக வந்தது. ஒருவன் சதாசிவத்தின் முதுகுக்குப் பின்னால் நுழைவதைத் தணிகாசலம் நன்றாகவே பார்த்தார். "பின்னால ஆளு!" என்று கத்தினார். சதாசிவம் திரும்பவில்லை. பந்து வலைக்குள் போனது.

இரண்டாவது முறை தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து கத்தினார், சதாசிவத்தின் அப்பாவையும் இழுத்தார். நாலாவது பந்தும் வலைக்குள் போனபோது அவர் குரல் போயிருந்தது.

மேளம் நின்றது. எதிரே நின்ற சதாசிவம் திரும்பி, "ஏண்ணா, கடைசி வரைக்கும் ஒண்ணுமே சொல்லலியே?" என்றான். அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டான்.

தணிகாசலம் கோல்போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் ஜெபராஜ் தனியாகச் சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு அவன் கத்தினானா மாஸ்டர்?"

"தொண்டையில ரத்தம் வந்துச்சாம். நாலு நாள் கஞ்சிதான் குடிச்சான்னு அவங்க வீட்ல சொன்னாங்க."

தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாலு நாளும் டீக்கடையில் உட்கார்ந்து அவனைத் திட்டியது நினைவுக்கு வந்தது. ஊமை மாதிரி நின்றான் என்று சொன்னதே அவர்தான். அவன் காதுபடவும் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு மாசமா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டோமே. மோளத்தாலதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்டிருப்போமே. ஏன் சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

மாஸ்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"'சொன்னா அண்ணன் மோளத்தை நிறுத்திடுவாரு மாஸ்டர்'னான்."

தணிகாசலத்தின் சட்டைப் பையில் இருந்த காகிதம் வியர்வையில் ஊறிக் கிடந்தது. அதை அவர் வெளியே எடுக்கவேயில்லை. கோலுக்குப் பின்னால் போய்த் தன் மேளத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே அந்தக் கோடிவரை நடந்தார். ஜெபராஜ் பந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

தணிகாசலம் அவன் முன்னால் போய் நின்று மேளத்தை நீட்டினார்.