பலகையின் பின்பக்கம்

கடலோரப் புறநகர் ஒன்றில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு புதர்க்காடு இருந்தது. அதன் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. நீளம் எழுநூற்று இருபது மீட்டர், முடிவில் கடல்.

ஞாயிறுதோறும் காலையில் செங்கமலம் அந்தப் பாதையில் ஆட்களை அழைத்துப் போய், அதே பாதையில் திரும்ப அழைத்து வருவார். வயது நாற்பது. முன்பு அந்தப் பகுதிக்குத் தபால் கொடுத்தவர். வழியில் அதிகம் பேசமாட்டார். ஆனாலும் அவருடன் ஒருமுறை நடந்தவர்கள் மறுவாரமும் வந்தார்கள்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் பேராசிரியர் அரங்கநாயகம். தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபத்தாறு வயது பெரியவர். முதலில் "குருவே" என்று கூப்பிட்டார். செங்கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. "டீச்சர்" என்றார். திரும்பினார். அதுவே நிலைத்தது.

மூன்று ஆண்டுகளாக அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஞாயிற்றுக்கிழமை நடையை எப்போது டீச்சர் என்னிடம் ஒப்படைப்பீர்கள்?"

"பாதை தெரிஞ்சதும் சார்."

"தெரிந்துவிட்டது என்பதை எப்படி நிரூபிப்பது?"

செங்கமலம் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் நிரூபிக்கும் முறையைத் தாமே முடிவு செய்தார். நாற்பது நாள் உழைத்து, எண்பத்து மூன்று செடிகளுக்கு எண்பத்து மூன்று தகரப் பலகைகள் நட்டார். தமிழ்ப் பெயர், லத்தீன் பெயர், குடும்பம், மருத்துவப் பயன். சூரைமுள் செடிக்கு அடிக்குறிப்பும் உண்டு.

செங்கமலம் எல்லாவற்றையும் நின்று படித்தார்.

"இந்த ஞாயிறு நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் கடைசி ஆளா வர்றேன். சரியா வந்தா, இனிமே ஞாயிறு உங்களோடது."

அன்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். பேராசிரியர் ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்றார். ஒவ்வொன்றையும் படித்தார்; படித்ததை விளக்கினார். அடிக்குறிப்பின்போது ஒருவர் உட்கார்ந்துவிட்டார். கடலை அடைய இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. பேராசிரியரின் முகத்தில் வெற்றி தெரிந்தது. குறை சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

திரும்பினார்கள்.

பத்தடி நடந்ததும் பேராசிரியர் நின்றார். பலகைகள் எல்லாம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒன்றில்கூட எழுத்தில்லை.

"சார், இது என்னா மரம்?" என்றார் மாவுக்கடை மெஹருன்னிசா.

பேராசிரியர் பார்த்தார். கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் இலைகள் கருகிச் சிறுத்திருந்தன. உப்புக்காற்று கிளைகளை நிலத்தை நோக்கிச் சீவிவிட்டிருந்தது. அப்படி ஒரு மரத்தை அவர் அங்கே பார்த்ததில்லை. பலகையைச் சுற்றி முன்பக்கம் போனார். குனிந்து படித்தார்.

"புன்னை" என்றார்.

"நீங்க எழுதினதுதானே சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மெஹருன்னிசா விடவில்லை. "போறப்ப பச்சப்பசேல்னு நின்னுச்சே, அந்த மரமா இது?"

"அதே மரம்தான்."

"எப்படி சார் ஒரே மரம் இப்படி ரெண்டு மாதிரி?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை. பின் மரத்தடிக்குப் போய், கருகிய இலை ஒன்றைத் தொட்டார். கடலைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் பேசாமல் நின்று அதையே பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

அதன்பிறகு பேருந்து நிறுத்தம் வரை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நடுநடுவே நின்றார், மற்றவர்களும் நின்றார்கள்.

எல்லோரும் போனபின் குருவிடம் வந்தார்.

"தோற்றுவிட்டேன் டீச்சர். இன்னும் நாற்பது நாள் கொடுங்கள். பின்பக்கமும் எழுதிவிடுகிறேன்."

"எழுதாதீங்க. அடுத்த ஞாயிறும் நீங்கதான் கூட்டிட்டு வர்றீங்க."

பேராசிரியரால் நம்ப முடியவில்லை. "நடை என்னுடையதா?"

"திரும்பி வர்ற வழி மட்டும்."

"போகும்போது?"

"அதுக்கு எதுக்கு சார் நீங்க? அதான் பலகை வெச்சிருக்கீங்களே."